நான் வெட்டிய ஒரு வாக்கியம்

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குப் போன் வந்தது. புது நம்பர். எடுத்ததும் மறுமுனையில் வணக்கம்கூட இல்லை.

"சார், நீங்க எழுதினதை எடுத்துடணும் சார்."

யாரப்பா நீ என்றேன். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நான் வாத்தியாராக இருந்தபோது எட்டாம் வகுப்பு படித்த பையன். இப்போது அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. அவனுடைய சித்தப்பா சாமைக் கொல்லையில் கல் பொறுக்கும்போது காலில் பாம்பு கடித்துவிட்டது. பையன் வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நின்றிருக்கிறான். சித்தப்பா வரவில்லை. பெரியவர் வீட்டுக்குப் போனால் போதும், வேர் அரைத்துக் கொடுப்பார், சரியாகிவிடும் என்று ஒரே பிடிவாதம். எதை நம்பி என்று கேட்டால், பெரியவர் வீட்டுச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் லேமினேட் செய்து மாட்டியிருக்கும் ஒரு பக்கத்தை நம்பி. அதை எழுதியவன் நான்.

"வாத்தியாரே எழுதியிருக்காரு, அப்புறம் இன்னாடான்னு கேட்டாரு சார். நான் இன்னா சொல்றது?"

இரண்டரை மணி நேரம் அங்கேயே போயிருக்கிறது. கடித்தது கண்ணாடி விரியன். பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினார்கள். மறுநாள் சிறுநீர் நின்றுபோனது. டயாலிசிஸ் பல முறை. ஆள் பிழைத்துவிட்டார், வீட்டுக்கு வந்துவிட்டார். அதனால்தான் பையன் கோபத்தோடு பேச முடிந்தது. இல்லையென்றால் பேசியிருக்கவே மாட்டான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டுரை ஒரு ஆண்டு மலரில் வந்தது. எத்தனையோ வருஷம் முன்பு. தலைப்பு 'மலை மருந்து' என்ற மாதிரி ஏதோ ஒன்று. இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. ஜவ்வாது மலைக்கு மாற்றலாகிப் போன புதிதில், கீழ்நாட்டுக்காரனுக்கு மலையில் எல்லாமே அதிசயமாகத் தெரியும் அந்தப் பருவத்தில் எழுதியது. சாமைச் சோறு, தேன், சந்தன மரம், காவலூர் தொலைநோக்கி என்று சுற்றிவிட்டு, கடைசி இரண்டு பக்கம் பாம்புக்கடி வைத்தியம். பெரியவரும் அவர் மனைவியும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று, நானே எடுத்தது. "நவீன மருத்துவம் எட்டாத இடத்தில் ஒரு வேர் உயிர் காக்கிறது, என் கண்ணால் கண்டேன்" என்று முடித்திருந்தேன்.

கண்ணால் கண்டேன் என்பது பொய் இல்லை. ஆனால் என்ன கண்டேன்?

போன் வைத்ததும் பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன். நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை; வீட்டில் அதற்குத் திட்டு வாங்குவதுண்டு. அன்றைக்கு அது உதவியது. நோட்டில் உள்ளபடி நடந்தது இதுதான். இரவு ஏழு, ஏழரை. சாமை அறுத்துவிட்டு வந்த ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கடித்த பாம்பு? "கறுப்பு, வெள்ளை வரி. ஓடிப்போச்சு." டார்ச் வெளிச்சத்தில் பார்த்தது. கடிவாயில் வீக்கம் இல்லை. வயிற்று வலி இல்லை. பேச்சு தெளிவு. பெரியவர் ஈஸ்வரமூலி வேரை மிளகு சேர்த்து அரைத்து உருண்டையாக விழுங்கக் கொடுத்தார். ஆளைத் தூங்கவிடாமல் ராத்திரி முழுக்கக் கதை பேசினார்கள். விடியற்காலையில் அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

கறுப்பு, வெள்ளை வரி என்றால் கட்டுவிரியன்தான் என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். கட்டுரையில் "கொடிய கட்டுவிரியன்" என்றே எழுதினேன். ஏறக்குறைய அதே மாதிரி கருத்த உடம்பும் வெளிர் வரியுமாக வெள்ளிக்கோல் வரையன் என்று இன்னொரு பாம்பு உண்டு. ஓட்டுக்கூரையிலும் சுவர் இடுக்கிலும் பல்லி தேடி வரும். மனிதனுக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால் கடித்துவிட்டு இருட்டில் மறைந்தால் கட்டுவிரியனா வரையனா என்று சொல்ல யாராலும் முடியாது. பகலில் பாம்பையே கையில் கொடுத்தாலும் தடுமாறுகிறவர்கள் உண்டு. மேற்கொண்டு, நிஜக் கட்டுவிரியனே கடித்தாலும் விஷம் இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போவது உண்டு. வெறுங்கடி.

ஆக நான் கண்டது: எந்தப் பாம்போ கடித்த ஒருவர், விஷம் ஏறிய அடையாளம் ஒன்றுகூட இல்லாதவர், மறுநாள் காலையில் உயிரோடு இருந்தார். அந்த ராத்திரி அவருக்கு வேருக்குப் பதில் ஒரு டம்ளர் மோர் கொடுத்திருந்தாலும் நடந்துதான் போயிருப்பார்.

மற்ற ஆட்கள் பற்றி எழுதியதெல்லாம் பெரியவர் சொன்னது, பக்கத்து வீட்டார் சொன்னது. பிழைத்தவர்கள் வந்து சொல்வார்கள், பொங்கலுக்குத் தேங்காய் பழத்தோடு வருவார்கள். பிழைக்காதவர்கள் எங்கே வந்து சொல்வது?

இதுவரைக்கும் என் அறியாமை. மன்னித்துக்கொள்ளலாம். நோட்டில் அடுத்த பக்கத்தில் இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரியவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "கண் ரப்பை விழுந்துட்டா நான் தொட மாட்டேன் வாத்தியாரே. அது எமன் கணக்கு. கீழ எடுத்துட்டுப் போங்கடான்னு சொல்லிடுவேன்."

அந்த வாக்கியம் கட்டுரையில் இல்லை. நான் வெட்டிவிட்டேன். பென்சிலால் ஒரு கோடு, ஓரத்தில் "வேண்டாம், ஓட்டம் கெடுகிறது" என்று என் கையெழுத்து.

கட்டுவிரியனும் நல்ல பாம்பும் கடித்து விஷம் ஏறினால் முதலில் தெரியும் அடையாளங்களில் ஒன்று ரப்பை விழுவது. நரம்புக்கும் தசைக்கும் நடுவில் போகும் செய்தியை அந்த விஷம் மறித்துவிடும். ரப்பை விழும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசை நிற்கும். அதாவது உண்மையில் அந்த விஷம் ஏறிய ஆளைப் பெரியவர் தொடுவதே இல்லை. விஷம் ஏறாதவர்களுக்கு வேர் கொடுத்தார், அவர்கள் பிழைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் தன் வைத்தியத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று நேர்மையாகச் சொல்லியிருந்தார். படித்த நான் அதை நடைக்காக வெட்டினேன்.

இந்த மாதிரி ஏமாந்ததில் எனக்குப் பெரிய கூட்டாளிகள் உண்டு என்று பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. விஷயம் ருசிகரமானது.

முதல் கூட்டாளி நம் தஞ்சாவூர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்று ஒன்று கும்பெனி வட்டாரத்தில் பிரபலமாக இருந்தது. பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்து என்று பேர். உள்ளே என்ன என்று பார்த்தால் வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு. நான் சொல்கிற ஈஸ்வரமூலி உருண்டைக்கும் இதற்கும் மிளகு மட்டும்தான் பொது. மற்றதெல்லாம் பாம்பு கடிக்காமலே ஆளைக் கொல்லக்கூடியவை. பிழைத்தவர்களின் கதைகள் ஏராளமாக இருந்ததால் வெள்ளைக்காரத் துரைமார்களும் நம்பினார்கள்.

அப்போது சோழமண்டலக் கரையில் பாட்ரிக் ரஸ்ஸல் என்று ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர் கும்பெனியின் இயற்கையியலாளராக இருந்தார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான். அந்த மனிதர் கதை கேட்பதோடு நிற்கவில்லை. நாயையும் கோழியையும் பாம்பு கடிக்க வைத்து, சிலவற்றுக்கு மாத்திரை கொடுத்து, கொடுக்காததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மாத்திரை தின்ற நாயும் செத்தது. அந்த மாத்திரையைப் பெரிதாக நம்ப முடியாது என்பதற்கான சோதனைக் கணக்கெல்லாம் 1796-இல் வந்த அவருடைய பாம்புப் புத்தகத்தில் இருக்கிறது. (நாய்களை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு வேறு வழி தெரியவில்லை.)

சரி, அதோடு மாத்திரை ஒழிந்ததா? இல்லை. 1810-களில் மேற்கிந்தியத் தீவான செயின்ட் லூசியாவில் ஒரு ராணுவ மருத்துவர், பாம்பு கடித்த சிப்பாய்களுக்குப் பாஷாணக் கரைசல் கொடுத்துப் பிழைக்க வைத்ததாக லண்டன் மருத்துவ இதழில் அறிக்கை வந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட முன்னுதாரணம் எது தெரியுமா, தஞ்சாவூர் மாத்திரை! ரஸ்ஸலின் புத்தகம் அச்சாகிப் பல வருஷம் ஆன பிறகு. புகழ் கப்பலேறிவிட்டது, திருத்தம் கரையிலேயே நின்றுவிட்டது.

அடுத்தவர் மெல்போர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஹால்ஃபோர்ட். 1868 வாக்கில், பாம்பு கடித்தவரின் ரத்தக் குழாயில் நேராக அமோனியா ஏற்றினால் பிழைப்பார் என்றார். கிராமப்புற மருத்துவர்கள் பலர் செய்து பார்த்து "பிழைத்தார், பிழைத்தார்" என்று எழுதினார்கள். அதே மருந்தைக் கல்கத்தாவில் ஜோசஃப் ஃபேரர் நம் ஊர்ப் பாம்புகளின் விஷத்துக்கு எதிராகப் பிராணிகளில் சோதித்தார். பயனில்லை. 1872-இல் வந்த அவருடைய பெரிய படப் புத்தகம், இந்தியாவின் விஷப் பாம்புகள் பற்றியது, இதையெல்லாம் பேசுகிறது. ஹால்ஃபோர்ட் ஒரு மோசடிக்காரர் அல்ல. என்னைப் போலத்தான் அவரும், பிழைத்தவர்களை மட்டும் எண்ணினார்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது அப்படி நடக்காது என்று நினைக்கிறீர்களா? 1986-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கடிதம் வந்தது. ஈக்குவடார் நாட்டுக் காடுகளில் வேலை பார்த்த மருத்துவர் ரொனால்ட் குடேரியனும் சகாக்களும் எழுதியது. பாம்பு கடித்த 34 பேருக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தோம், உயர் மின்னழுத்தம், குறைந்த ஓட்டம், படகு இஞ்சினின் ஸ்பார்க் பிளக்கிலிருந்து எடுத்துக்கூடக் கொடுக்கலாம், நல்ல பலன் என்றது. யாரைக் கடித்தது எந்தப் பாம்பு, விஷம் ஏறியதா, அதிர்ச்சி கொடுக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அதில் சரியான பதில் கிடையாது. ஆனால் லான்செட்டில் வந்துவிட்டதே! உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. தற்காப்புக்காக விற்கப்பட்ட மின் அதிர்ச்சிக் கருவியைப் பாம்புக்கடி மருந்தாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்கள்.

அடுத்த இரண்டு வருஷத்துக்குள்ளேயே எலிகளிலும் சுண்டெலிகளிலும் சோதித்து, அதிர்ச்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஆய்வுகள் வந்துவிட்டன. யார் கவனித்தார்கள்? அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்பை வீட்டில் வளர்த்த ஒரு முன்னாள் ராணுவ வீரரை அந்தப் பாம்பே உதட்டில் கடித்தது. அவர் பக்கத்து வீட்டுக்காரர் உதவியோடு கார் ஸ்பார்க் பிளக் ஒயரை உதட்டில் மாட்டிக்கொண்டு, ஐந்து நிமிடம் இஞ்சினை முறுக்கவிட்டார். மயங்கி விழுந்தார், சாவின் விளிம்பு வரை போய் வந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த ரிச்சர்ட் டார்ட்டும் ரிச்சர்ட் குஸ்டாஃப்ஸனும் 1991-இல் இதை எழுதினார்கள். 1994-இல் அந்த நோயாளிக்கும் மருத்துவர்களுக்கும் சேர்த்து 'இக் நோபல்' என்ற கேலிப் பரிசு கிடைத்தது. படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அந்த லேமினேட் ஞாபகத்துக்கு வந்தது.

மருத்துவ இதழ்களில் அறிக்கையைத் திரும்பப் பெறுவதற்கு இப்போது முறை இருக்கிறது. வெளியீட்டு நெறிகளுக்கான குழு ஒன்று 2009-இல் அதற்கு விதிகள் வகுத்தது. அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: திரும்பப் பெறுவது தண்டனை அல்ல. எழுதியவர் திருடரா, ஏமாந்தவரா என்பது இரண்டாவது கேள்வி. முடிவு நம்பத்தகாதது என்று தெரிந்தாலே போதும், படிக்கிறவர் அதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே எடுக்கிறார்கள். கட்டுரையை அழித்துவிடுவதும் இல்லை. அதே இடத்தில் வைத்து, மேலே குறுக்காகப் பெரிய எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று முத்திரை குத்துகிறார்கள். என்ன தவறு என்று ஒரு குறிப்பும் போட வேண்டும்.

தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-இல் லான்செட்டில் வந்தது. முழுதாகத் திரும்பப் பெற்றது 2010-இல். இடையில் பன்னிரண்டு வருஷம். இன்றைக்கும் அதை நம்பித் தடுப்பூசி போட மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது திட்டமிட்ட புரட்டு என்று வெளிவந்த பிறகும் இந்தக் கதி. பாம்புக்கடி அறிக்கைகளில் பெரும்பாலும் புரட்டுகூடக் கிடையாது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட அரைகுறைச் சாட்சியம். அதைத் திரும்பப் பெறச் சொல்லி யார் யாரைக் கேட்பது?

பாம்புக்கடியில் ஏன் இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறோம் என்றால், கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் வருஷத்துக்கு சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. அதில் விஷம் ஏறுவது 18 லட்சம் முதல் 27 லட்சம் பேருக்கு. சாவது 81,000 முதல் 1,38,000 வரை. பாம்பு கடித்தவர்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு உருண்டை சர்க்கரை கொடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று ஏழு பேருக்கு மேல் பிழைப்பார்கள். சர்க்கரை வைத்தியருக்கு ஊரில் சிலை வைக்கலாம். எந்த மருந்தும் அந்தச் சர்க்கரையை ஜெயித்துக் காட்டினால்தான் மருந்து.

சர்க்கரை கொடுத்தால் நேரம்தான் வீண். நான் எழுதி வைத்தது சர்க்கரை இல்லை.

ஈஸ்வரமூலி என்றும் கருடக்கொடி என்றும் பெருமருந்து என்றும் சொல்கிறோமே, அதுவும் ஆடுதீண்டாப்பாளையும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆடு தின்னாததற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்று ஒரு சரக்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை தின்ற பெண்கள் பலருக்குத் திடீரென்று சிறுநீரகம் கெட்டது. தேடிப் பார்த்தபோது மாத்திரையில் இந்தக் குடும்பத்துச் சீன மூலிகை ஒன்று கலந்திருந்தது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில் இதைச் சேர்த்திருக்கிறது. அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் தின்றார்கள், ஒரு ராத்திரி ஒரு உருண்டை விழுங்குவது அதற்குச் சமம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் யோசியுங்கள். கண்ணாடி விரியன் விஷம் முக்கியமாக அடிக்கும் இடங்களில் ஒன்று சிறுநீரகம். அந்த விஷத்துக்கு மாற்று என்று சிறுநீரகத்துக்கு ஆகாத வேரை அரைத்துக் கொடுக்கச் சொல்லிப் பெருமையாக எழுதியிருக்கிறேன். என் பழைய மாணவனின் சித்தப்பா டயாலிசிஸ் மெஷினில் படுத்திருந்தபோது அவர் வயிற்றில் போயிருந்தது அந்த வேர்.

இதைச் சொன்னால், மலைக்காரர் அறிவை இழிவு செய்கிறாய் என்று சில நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பாம்பைப் பற்றித் தமிழ்நாட்டில் அதிகம் தெரிந்தவர்கள் யார்? இருளர்கள். 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் நடக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் இந்தியாவின் விஷமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பங்கைக் கொடுக்கிறது. மண்ணில் ஒரு தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லும் அந்த அறிவுதான், விஷமுறி தயாரிக்க விஷம் ஏற்றும் குதிரைக்குள் போய், ஊசி மருந்தாக வெளியே வருகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். என் கட்டுரையில் இருளர் பற்றி ஒரு வரி இல்லை. வேர் என்றால் மர்மம், ஊசி என்றால் மர்மம் இல்லை. எனக்கு மர்மம் தேவைப்பட்டது.

ஊசியிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்குக்கும்தான் நம் விஷமுறி. மூக்கைத் தூக்கிக்கொண்டு திரியும் சின்னக் குழிவிரியன் ஒன்று கேரளத்தில் ஆட்களைக் கடித்து ரத்தம் உறையாமல் செய்து உயிருக்கே ஆபத்தாக்கியது. அதைச் சுருட்டை என்று தவறாக எண்ணிக் குப்பி குப்பியாக ஏற்றியிருக்கிறார்கள், பலன் இல்லை. பாம்பையே கையில் வைத்து அடையாளம் பார்த்த பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது, 2007-இல் எழுதினார்கள். கிழக்கு மலைத்தொடரில் மூங்கில் குழிவிரியன் உண்டு, அதன் விஷமும் இந்த ஊசியில் இல்லை. பாம்பு எது என்று சரியாகப் பார்த்து எழுதிய ஒரு அறிக்கை பத்து வருஷத்துக் குழப்பத்தைத் தீர்க்கும். பார்க்காமல் "கொடிய கட்டுவிரியன்" என்று எழுதிய அறிக்கை என்ன செய்யும் என்பதற்கு நானே சாட்சி.

எண்ணிக்கை விஷயத்தில் அரசாங்கமும் என்னைப் போலத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்த்து, இந்தியாவில் வருஷத்துக்கு ஓரிரு ஆயிரம் பேர்தான் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய், செத்தவர் எப்படிச் செத்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டு எடுத்த பத்து லட்சம் மரணங்களின் ஆய்வு 2011-இல் 45,900 என்றது, 2005-ஆம் வருஷத்துக்கு மட்டும். 2020-இல் வந்த விரிவான கணக்கு 2000 முதல் 2019 வரை 12 லட்சம் சாவு, சராசரி வருஷத்துக்கு 58,000 என்றது. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு ஆஸ்பத்திரிக்கு வராமலே செத்தவர்கள்தான். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். தனியார் ஆஸ்பத்திரியும் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். நல்லது. மலை மேல் வீட்டில் சாகிறவரை யார் எண்ணுவார் என்பது தனிக் கேள்வி.

பெரியவர் வீட்டுக்கு ஜனங்கள் போவது என் கட்டுரையால் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் குழந்தை இறந்தது. திரும்பி வரும்போது ரோடு முடிகிற இடத்தோடு வண்டி நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்தாள். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊசி பத்து மைல் தள்ளியும் வேர் பத்தடி தூரத்திலும் இருந்தால் மனசு எதைப் பிடித்துக்கொள்ளும்? நான் செய்தது, அந்தப் பிடிப்புக்கு அச்சு எழுத்தில் ஒரு அத்தாட்சி கொடுத்தது.

ஆண்டு மலரைப் போட்டவர்கள் இப்போது இல்லை. திருத்தம் போட இதழும் இல்லை. ஆகவே மலைக்குப் போனேன்.

போளூரில் பஸ் ஏறினேன். வளைவுகள் அப்படியே இருக்கின்றன, என் வயிறுதான் முன்பு மாதிரி இல்லை. பையன் வண்டியோடு ஜமுனாமரத்தூரில் நின்றிருந்தான். கோபம் போயிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தான், காசு கொடுக்க விடவில்லை. சித்தப்பாவைப் பார்த்தேன். இளைத்திருந்தார். "உங்க மேல தப்பு இல்ல சார்" என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம், மற்றபடி ஆள் திடம். மனைவி இறந்து நாலு வருஷம். என்னைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா வாத்தியாரே, இவ்ளோ நாள் கழிச்சி வழி தெரிஞ்சுதா?"

சுவரில் பார்த்தேன். லேமினேட் மஞ்சளேறி, ஓரம் பிரிந்திருந்தது. நடுவில் திண்ணைப் படம்.

"ஐயா, அதுல நான் ஒண்ணு தப்பா எழுதிட்டேன். அதைக் கழட்டிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எதை?"

"நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, கண் ரப்பை விழுந்துட்டா தொட மாட்டேன்னு. அதை எழுதாம விட்டுட்டேன்."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அது எழுதலையா நீ?" என்றார். அதில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான். இத்தனை வருஷம் அந்தத் தாளில் தான் சொன்னது முழுசும் இருக்கிறது என்று நம்பியிருக்கிறார். யாரோ படித்துக் காட்டியிருப்பார்கள். எதை விட்டேன் என்று படித்தவருக்கு எப்படித் தெரியும்?

வேரைப் பற்றியும் சொன்னேன். சிறுநீரகம், பெல்ஜியம் எல்லாம். பெல்ஜியம் அவருக்கு எட்டவில்லை, மூத்திரம் நின்றுபோனது எட்டியது. சித்தப்பா கதை ஊர் முழுக்கத் தெரிந்ததுதானே. "இப்பல்லாம் யாரு வர்றாங்க, எப்பவாச்சும் ஒருத்தன். இனி வந்தா உடனே கீழ அனுப்பிடறேன்" என்றார். ஆனால் தாளைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. காரணம் வேர் இல்லை. "அவ படம் இது ஒண்ணுதான் கீது" என்றார்.

எனக்கு மருத்துவ இதழ்களின் அந்தத் 'திரும்பப் பெறப்பட்டது' முத்திரை ஞாபகம் வந்தது. பையனை அனுப்பிக் கடையில் தடித்த மார்க்கர் பேனா வாங்கி வரச் சொன்னேன். படத்தின் மேல் படாமல், எழுத்துகளின் மேல் குறுக்காக எழுதினேன்: 'பாம்புக்கடி பற்றி இதில் சொன்னது தவறு. காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரி. 108.' கீழே என் பெயரும் தேதியும்.

பெரியவர் இன்னா எழுதின என்று கேட்டார். படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு சுவரருகே போய், லேமினேட்டைக் கிட்டத்தில் பார்த்து, விரலால் எழுத்தைத் தடவினார். மை இன்னும் காயவில்லை, '8' கொஞ்சம் இழுபட்டது.

"கொஞ்சம் பெரிசா எழுதக் கூடாதா?" என்றார். "ராத்திரியில வர்றவன் பதட்டத்துல வருவான்."